நான்கு இரவு பாங்காக்: செலவைக் கட்டுக்குள் வைத்துத் திட்டமிடுவது எப்படி

பாங்காக்குக்குச் சிக்கனமாகப் போய்வர நினைப்பவர்கள் முதலில் மலிவான அறையைத் தேடுவார்கள். கணக்கு அங்கேதான் பிசகத் தொடங்கும். ஊர் பெரியது, வெயில் கடுமையானது, சாயங்காலம் சாலைகளில் வண்டி நகராது. ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி 600 பாட்டுக்கு (பாட் தாய்லாந்தின் நாணயம்) அறை எடுத்தவர், தினமும் டாக்சிக்குக் கொடுத்தே அந்த மிச்சத்தைத் தொலைத்துவிடுவார். எந்த விமான நிலையத்தில் இறங்குகிறோம், அங்கிருந்து எந்த ரயில் ஊருக்குள் போகிறது, அந்தப் பாதையில் எந்த நிலையத்தை ஒட்டித் தங்கலாம் என்ற வரிசையில் முடிவு செய்யுங்கள். அறையின் விலையை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே விலைகள் எல்லாம் பாட் கணக்கில் இருக்கின்றன. மனக்கணக்குக்கு ஒரு பாட்டை 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். அதே மாதங்களில்தான் அறை வாடகையும் ஏறும். ஏப்ரல் உச்ச வெயில். 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, தெருவெல்லாம் தண்ணீர் விளையாட்டு. அதற்கென்றே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும் என்பதால், அறை விலை இறங்கும் அந்த மாதங்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

வாரத்தில் எந்த நாள் என்பதும் முக்கியம். சத்துசாக் சந்தை முழுமையாக நடப்பது சனி, ஞாயிறில். யாவராட் என்ற சீனர் தெருவில் திங்களன்று பல தள்ளுவண்டிகள் இருக்காது. பாங்காக் கலை பண்பாட்டு மையத்துக்கும் திங்கள் விடுமுறை. வியாழன் அல்லது வெள்ளி காலையில் இறங்கி, நான்கு இரவு தங்கித் திரும்பினால் நாட்கள் வீணாகாது.

டிக்கெட்டும் காகிதங்களும்

சென்னையிலிருந்து நேர் விமானத்தில் மூன்றரை மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். நள்ளிரவை ஒட்டிய விமானம் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள்: ‘வெள்ளி 00:40’ என்றால் வியாழன் இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

பட்ஜெட் விமானங்களில் கைப்பை, தோள்பை எல்லாம் சேர்த்து 7 கிலோதான் என்ற விதி வழக்கமானது. எடை போடுவது சில நேரம் கவுன்டரில், சில நேரம் ஏறும் வாசலில். வாசலில் பிடிபட்டால் கட்டணம் மிக அதிகம். திரும்பும்போது துணிமணி சேரும் என்று தெரிந்தால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் பெட்டி எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள்.

2024 ஜூலை 15 முதல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட 93 நாடுகள், பகுதிகளைச் சேர்ந்தவர்கள் 60 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போகலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. இந்தச் சலுகையின் நாள் கணக்கு மாறக்கூடியது. டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவு அதிகாரி கேட்காவிட்டாலும், புறப்படும் இடத்தில் விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் முகவரி மூன்றும் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. இதற்குக் கட்டணம் கிடையாது. தேடலில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும். அவை அரசுத் தளங்கள் அல்ல. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜி ஓ டாட் டி ஹெச்’ என்று முடியும். கிடைக்கும் கியூஆர் குறியீட்டைப் படமாக எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் வைஃபையை நம்ப வேண்டாம்.

இ-சிகரெட்டை எடுத்துப் போகவே கூடாது. தாய்லாந்தில் அது சட்டவிரோதம். கைப்பையில் இருந்தாலும் சிக்கல்தான்.

பணம்

உள்ளூர் ஏடிஎம்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கும். நம் வங்கியின் கட்டணம் தனி. ஆயிரம் ஆயிரமாக எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போய்விடும். எடுப்பதென்றால் மொத்தமாக ஒரே தடவை எடுங்கள். இயந்திரம் ‘உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா?’ என்று கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள். ஆம் என்றால் அவர்கள் வைத்த விலைதான்.

ரூபாய் நோட்டை அங்கே மாற்ற முடியும், ஆனால் விலை அடிபடும். மடிப்பில்லாத 100 டாலர் நோட்டுக்குத்தான் நல்ல விலை. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படும் வங்கிக் கவுன்டர்களைத் தாண்டி, ரயில் ஏறும் அடித்தளத்துக்கு இறங்குங்கள். அங்கே சூப்பர்ரிச் போன்ற நாணய மாற்றுக் கடைகள் இருக்கின்றன. மேல் தளத்துக்கும் அடித்தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வேளைச் சாப்பாடே வரும். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

சாலையோரக் கடை, படகு, டாக்சி எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். 1000 பாட் நோட்டைத் தள்ளுவண்டியில் நீட்டினால் சில்லறை இருக்காது. ஏதாவது செவன் இலெவன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளலாம். அங்கே முகம் சுளிக்க மாட்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள்: சுவர்ணபூமி, டான் முவாங். ஒன்றுக்கொன்று வெகு தூரம். டிக்கெட்டில் எது என்று போகும்போதும் வரும்போதும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் அமைவது உண்டு.

சுவர்ணபூமியின் அடித்தளத்திலேயே ஏர்போர்ட் ரயில் லிங்க் நிற்கும். கடைசி நிலையமான பயா தாய் வரை 45 பாட், ஏறக்குறைய அரை மணி நேரம். பயா தாயில் பிடிஎஸ் மேம்பால ரயிலுக்கு மாறலாம். அதற்கு முன்பே மக்காசானில் இறங்கினால் எம்ஆர்டி சுரங்க ரயில், அங்கே அதன் நிலையத்துக்குப் பெயர் பெட்சபுரி. நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். அதற்குப் பிறகு டாக்சிதான். தரைத்தளத்தில் வரிசை இயந்திரம் ஒரு சீட்டைத் தரும், அதிலுள்ள எண்ணுக்கு உரிய தடத்தில் வண்டி நிற்கும். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணம். விரைவுச் சாலையில் போனால் சுங்கக் கட்டணமும் நாமே தர வேண்டும். ஓட்டுநர் ‘மொத்தமாக 600’ என்றால் மீட்டரைக் கைகாட்டுங்கள். சீட்டை அவரிடம் கொடுத்துவிடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள், புகார் செய்ய அதுதான் ஆதாரம். மூன்று பேர், பெட்டிகளோடு என்றால் ரயிலைவிட டாக்சியே நியாயமான தேர்வு. தனியாளுக்கு அது வீண் செலவு.

டான் முவாங்கில் இறங்கினால் சிவப்புப் பாதை ரயில் விமான நிலையத்தோடு இணைந்திருக்கிறது. 50 பாட்டுக்குள் க்ருங் தேப் அபிவத் பெருநிலையத்துக்குப் போய், அங்கே பாங் சூ என்ற பெயரில் இருக்கும் எம்ஆர்டி நீலப் பாதையைப் பிடிக்கலாம். ஏ1 பேருந்து 30 பாட்டுக்கு மோ சிட் பிடிஎஸ் நிலையத்தில் விடும். ஏ4 பேருந்து 50 பாட்டுக்குக் காவ் சான் சாலை பக்கம் போகும்.

அறை

பழைய நகரத்தில் இருக்கும் காவ் சான், பாங்லம்பூ பகுதி முதுகுப்பை பயணிகளின் பழைய கோட்டை. அறை மலிவு, அரண்மனை பக்கம். ஆனால் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லை, இரவில் இரைச்சல் ஓயாது. இரண்டு நாள் கோயில்களை மட்டும் பார்ப்பவருக்குச் சரி. பிரதுநாமில் துணிச் சந்தை, இந்திய உணவகங்கள், ஏர்போர்ட் லிங்கின் ராட்சபராரோப் நிலையம் எல்லாம் பக்கத்தில். அதே காரணத்தால் நடைபாதை நெரிசல். சுக்கும்விட் சாலையில் நானா, அசோக் பக்கம் வாடகை கூடுதல். அதே பிடிஎஸ் பாதையில் கிழக்கே ஐந்தாறு நிலையம் தள்ளிப் போனால் ஓன் நுட். உள்ளூர்க்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள், நல்ல அறைகள், குறைந்த விலை. முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இரண்டு: ஓன் நுட், அல்லது எம்ஆர்டி நீலப் பாதையில் ஹுவா லம்போங் – வாட் மங்கோன் வட்டாரம். இரண்டாவதில் தங்கினால் பழைய நகரம் இரண்டு மூன்று நிலையத்தில் வந்துவிடும்.

பகிர்வறைப் படுக்கை 300 முதல் 600 பாட், குளிரூட்டிய இரட்டை அறை 800 முதல் 1300 பாட் வரை. பதிவுத் தளத்தில் முதலில் தெரியும் தொகையில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்காது. பணம் கட்டும் பக்கத்தில் வரும் கடைசித் தொகையை ஒப்பிடுங்கள். நிலையத்திலிருந்து ‘5 நிமிடம்’ என்று விளம்பரத்தில் இருந்தால் வரைபடத்தில் நடை தூரத்தை அளந்து பாருங்கள். 600 மீட்டருக்கு மேல் என்றால் அந்த வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. சோய் என்னும் குறுக்குத் தெருக்கள் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. சோய் 21-க்கு நேர் எதிரே சோய் 22 இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். அவை தள்ளியும் இருக்கும். பல விடுதிகளில் 500 அல்லது 1000 பாட் முன்வைப்பு (டெபாசிட்) கேட்பார்கள். ரசீது வாங்குங்கள்.

அறைக்குள் ஒரு சின்ன விஷயம். நம் ஊர் உருண்டை இரு முனை பிளக் அங்கே பொதுவாகப் பொருந்தும், பெரிய மூன்று முனை பிளக் பொருந்தாது. லேப்டாப் கொண்டுபோனால் அடாப்டர் வேண்டும்.

ரயிலும் படகும்

பிடிஎஸ், எம்ஆர்டி இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். மாறும் இடத்தில் வெளியே வந்து புது டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரே சந்திப்புக்கு இரண்டு பெயர் இருப்பதால் பலர் குழம்புவார்கள்: பிடிஎஸ்ஸில் அசோக், எம்ஆர்டியில் சுக்கும்விட். அங்கே சாலா டேங், இங்கே சி லோம். அங்கே மோ சிட், இங்கே சத்துசாக் பார்க்.

எம்ஆர்டி நுழைவாயிலில் விசா, மாஸ்டர்கார்டு தொடு அட்டையை அப்படியே காட்டிப் போகலாம். உள்ளே போன அட்டையையே வெளியே வரவும் காட்ட வேண்டும். உங்கள் வங்கிச் செயலியில் ‘வெளிநாட்டுத் தொடு பரிவர்த்தனை’யை ஊரிலேயே திறந்து வைக்காவிட்டால் கதவு திறக்காது. அட்டை இல்லையென்றால் இயந்திரம் தரும் கறுப்பு வட்ட வில்லை. நுழையும்போது மேலே தொட்டுக் காட்டி, வெளியேறும்போது பிளவுக்குள் போட வேண்டும். பிடிஎஸ்ஸில் ஒற்றைப் பயண அட்டை 17 பாட்டில் தொடங்கும். சில இயந்திரங்கள் நாணயம் மட்டும் வாங்கும், கவுன்டரில் சில்லறை மாற்றித் தருவார்கள். 150 பாட் ஒருநாள் பாஸ் இருக்கிறது. நாலைந்து நீண்ட பயணம் செய்தால்தான் லாபம், இல்லையென்றால் நிலையத்துக்குத்தான் லாபம்.

சாவ் ப்ராயா நதியில் ஓடும் பயணிகள் படகுதான் இந்த ஊரிலேயே சிறந்த பேரம். சஃபான் தக்சின் பிடிஎஸ் நிலையத்துக்குக் கீழே சாத்தோன் துறை. அங்கே இறங்கியதும் சுற்றுலாப் படகு விற்பவர்கள் வழிமறித்து ஒருநாள் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். புன்னகைத்துவிட்டு, ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எது என்று கேளுங்கள். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 16 பாட். படகு துறையில் சில விநாடிதான் நிற்கும், நடத்துநரின் விசில் கேட்டதும் தாவி ஏறத் தயாராக இருங்கள். பின்பக்கப் படி பிக்குகளுக்கும் இறங்குபவர்களுக்கும். அதை அடைத்து நிற்காதீர்கள். மாலையில் சேவை சீக்கிரம் குறைந்துவிடும், 6 மணிக்கு மேல் படகை நம்பித் திட்டமிட வேண்டாம்.

டுக்-டுக் நம் ஆட்டோ போலத் தெரிவதால் மலிவு என்று நினைக்க வைக்கும். மீட்டர் டாக்சியைவிட அது பெரும்பாலும் விலை அதிகம். கிராப், போல்ட் செயலிகளில் விலை பார்த்துவிட்டு எதையும் பிடியுங்கள்.

பழைய நகரத்துக்கு ஒரு முழு நாள்

பெரிய அரண்மனை காலை 8:30-க்குத் திறக்கும், டிக்கெட் 3:30 வரை. 500 பாட். 8 மணிக்குள் படகேறித் தா சாங் துறையில் இறங்கிவிடுங்கள். 10 மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்து குவியும், பளிங்குத் தரை கொதிக்கும், நிழல் குறைவு. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்தினால் விடமாட்டார்கள்.

வாசலுக்கு நூறு மீட்டர் முன்னால், நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து ‘இன்று பூஜை, அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாட்டுக்கு டுக்-டுக்கில் நாலு கோயில் பார்க்கலாம்’ என்று அன்பாகச் சொல்வார். அந்த வண்டி ரத்தினக் கடையிலும் தையல் கடையிலும்தான் போய் நிற்கும். அரச சடங்குகளுக்காக அரண்மனையை மூடுவது உண்மையிலேயே நடக்கும், ஆனால் அதை டிக்கெட் கவுன்டர்தான் சொல்ல வேண்டும். நேராக வாசலுக்குப் போங்கள்.

அங்கிருந்து தெற்கே கால் மணி நேரம் நடந்தால் வாட் போ கோயில், 300 பாட். 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இங்கேதான். பாதங்களில் முத்துச் சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பார்க்காமல், முகத்தைப் படமெடுத்துவிட்டு ஓடுகிறவர்களே அதிகம். பிறகு தா தியன் துறையிலிருந்து 5 பாட் படகில் எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண், 200 பாட். மூன்றுக்கும் சேர்த்து 1000 பாட். கையிருப்பு குறைவென்றால் வாட் அருணை இக்கரையிலிருந்தே மாலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு 200 பாட்டை மிச்சம் பிடிக்கலாம். வாட் போவை விடாதீர்கள்.

சாயங்காலம் சனாம் சாய் எம்ஆர்டி நிலையத்தில் ஏறி இரண்டாவது நிலையம் வாட் மங்கோன். மேலே வந்தால் யாவராட். தள்ளுவண்டிகள் 6 மணிக்கு மேல் களைகட்டும்.

மற்ற நாட்கள்

ஒரு நாளைக் காசில்லாமலே ஓட்டலாம். தேசிய விளையாட்டரங்க பிடிஎஸ் நிலையத்தை ஒட்டிய கலை பண்பாட்டு மையம் இலவசம். லும்பினி பூங்காவில் ஆளுயர உடும்புகள் குளக்கரையில் வெயில் காயும். அருகில் போய்ப் படமெடுக்காதவரை அவற்றால் தொல்லையில்லை. சிலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, உள்ளூர்ப் பெயர் வாட் கேக். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது. பழைய நகரத்தில் ராட்சத ஊஞ்சல் தூண்களுக்குப் பக்கத்தில் 1784-இல் எழுந்த தேவஸ்தானம், அரசவை அந்தணர்களின் கோயில். திருவெம்பாவை, திருப்பாவை பெயர்களிலிருந்து வந்த ‘த்ரியம்பவாய்–த்ரிபவாய்’ சடங்கு அவர்களுடையதுதான். மார்கழியில் விடியற்காலை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு நாளுக்கு அயுத்தயா. 1350 முதல் 1767 வரை தலைநகர், இப்போது செங்கல் இடிபாடுகள். ஹுவா லம்போங்கிலிருந்து கிளம்பும் சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு 20 பாட் அளவில், முன்பதிவு தேவையில்லை. 2023 ஜனவரி முதல் தொலைதூர விரைவு ரயில்கள் பல க்ருங் தேப் அபிவத்துக்கு மாறிவிட்டன. ஆகவே உங்கள் ரயில் எங்கிருந்து என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரம் மின்விசிறிக் காற்றில் ஜன்னலோரப் பயணம். இறங்கியதும் 50 பாட் அளவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். வாட் மஹாதாட்டில் மரவேர்களுக்கு நடுவே புத்தர் தலை இருக்கிறது. அதனோடு படமெடுக்கும்போது உங்கள் தலை அதற்கு மேலே இருக்கக் கூடாது, குந்தி உட்காரச் சொல்வார்கள். இடிபாடுகளில் நிழல் கிடையாது. முதல் ரயிலில் போய் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சாப்பாடு

தெருக்கடையில் ஒரு தட்டு 50 முதல் 80 பாட். அசோக்கில் டெர்மினல் 21 வணிக வளாகத்தின் மேல் தள உணவுக்கூடம் குளிரூட்டியது, விலை தெருக்கடைக்குச் சமம். முன்பணம் கட்டி ஒரு அட்டை வாங்கி, மிச்சத்தை அன்றே கவுன்டரில் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாறு. காய்கறிப் பொரியலிலும் ‘நாம் ப்லா’ விழும், சட்னி போலத் தெரிவதில் இறால் விழுது இருக்கும். ‘வெஜிடேரியன்’ என்றால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ‘ஜே’ என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை ஜே கடை. முட்டை, மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. மாட்டிறைச்சி வேண்டாதவர்கள் ‘மை கின் நுவா’ என்றும், பன்றி வேண்டாதவர்கள் ‘மை கின் மூ’ என்றும் சொன்னால் புரியும். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

மொத்தம் எவ்வளவு

இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தலைக்கு: அறை நான்கு இரவுக்கு 2000, சாப்பாடு 1400, ஊருக்குள் போக்குவரத்து 600, விமான நிலையம் போகவர 200, மூன்று நுழைவுக் கட்டணம் 1000, அயுத்தயா 400, சிம் 300. ஆக 5900 பாட். எதிர்பாராததற்கு ஓர் ஆயிரம் சேர்த்து ஏறக்குறைய 7000 பாட், அதாவது 21,000 ரூபாய். விமான டிக்கெட் தனி. தனியாகப் போகிறவர் இதே அறையில் தங்கினால் 2000 பாட் கூடும், பகிர்வறைக்குப் போனால் அந்தக் கூடுதல் இல்லை.

திரும்பும் நாளில் டான் முவாங்குக்கோ சுவர்ணபூமிக்கோ மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மாலை 4 முதல் 8 வரை சாலை வழியைத் தவிர்த்து ரயிலில் போங்கள். கடையில் வாங்கிய புத்தர் சிலையை வெளியே கொண்டுவர நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கழுத்தில் அணியும் சிறு தாயத்துக்குத் தேவையில்லை. கஞ்சா மிட்டாயோ எண்ணெயோ பையில் தங்கிவிடாமல் கடைசியாக ஒருமுறை தேடிப் பாருங்கள், ஊரில் இறங்கியதும் அதற்குச் சிறைதான்.